அட்டவணையில் இல்லாத வேலை

ஓய்வுபெற்ற தாசில்தார் அம்பலவாணன் வீட்டில் தினமும் காலையில் ஏழு பேர் கிளம்ப வேண்டும். இருப்பதோ ஒரே குளியலறை. தினசரி கூச்சல் பொறுக்காமல், குளிக்க ஆளுக்குப் பத்து நிமிஷம், காபி, சமையல் என்று வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து, பொடி எழுத்தில் ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார் தாசில்தார்.

"பேச்சி, இதில இல்லாத ஒரு வேலையும் இங்க நடக்கக் கூடாது. நடந்தா நீ வேற வீடு பார்த்துக்க" என்றார், சமையல் செய்யும் பேச்சியம்மாளிடம்.

"சரிங்கய்யா."

மறுநாள் எட்டு மணிக்கு, "பேச்சி, என் கண்ணாடி எங்க?" என்று குரல் வந்தது. தினமும் தேடிக் கொடுப்பவள் அன்று அடுப்பைவிட்டு நகரவில்லை.

"அது அட்டவணையில இல்லீங்கய்யா."

தாசில்தார் கதவில் மூக்கு இடிக்கும்வரை குனிந்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"என்ன போட்டிருக்கு? படி."

"படிச்சுக் காட்டுறதும் இல்லீங்கய்யா."

"பேனா கொண்டா, சேர்த்துடறேன்."

"எழுதக் கண்ணாடி வேணுமேங்கய்யா."

தாசில்தார் கதவிலிருந்து நிமிர்ந்தார். "சரி, அதைக் கிழிச்சுப் போடு. கண்ணாடி எங்க?"

பேச்சி தாளைப் பதமாகக் கிழித்து அடுப்போரம் வைத்தாள்.

"குளியலறை ஜன்னல்லதாங்கய்யா. காலையில பேப்பரோட முக்கால் மணி நேரம் உள்ள இருந்தீங்களே, அதுவும் அட்டவணையில இல்லை."