உத்தரவுக்குக் காத்திருந்த கஞ்சி

ஆற்றுத் திருவிழா முடிந்த கையோடு ஊரில் வாந்திபேதி பரவியது. குரு சௌந்தரவல்லியின் வைத்தியசாலையில் பாய் விரிக்க இடமில்லை. நோயாளிகளைத் தாம் பார்த்துக்கொண்டு, பணியாட்களை நடத்தும் பொறுப்பைச் சீடர் நாகலிங்கத்திடம் விட்டார் குரு.

நாகலிங்கம் குருவைவிட வயதில் மூத்தவர். நெல் மண்டியில் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். அவர் குரல் கேட்டால் நடப்பவன் ஓடுவான். முதல் நாள் ஒரே நோயாளிக்கு இருவர் மருந்து கொடுத்துவிட்டார்கள். அன்றே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “என்னைக் கேட்காமல் யாருக்கும் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.”

ஒரு பிற்பகல் அவர் கிணற்றடியில் நின்றபோது, கொட்டகைக்குள்ளிருந்து ஒரு தாயின் அலறல் கேட்டது. ஓடினார்.

பாயில் ஒரு சிறுமி. கண்கள் குழிந்து, உதடு வெடித்து, கைகால் சில்லிட்டுக் கிடந்தாள். எட்டும் தூரத்தில் உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் பானை நிறைய இருந்தது. பக்கத்தில் பணிப்பெண் பவுனு கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

அதற்குள் குரு வந்துவிட்டார். சிறுமியை மடியில் நிமிர்த்திச் சாய்த்து, உதட்டை நனைத்தார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மீண்டும் நனைத்தார். மீண்டும் வழிந்தது. தாயின் அழுகைகூட நின்றுபோனது.

பிறகு அந்தச் சிறிய தொண்டை அசைந்தது. ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

நாகலிங்கத்துக்கு அதுவரை இருந்த பயம் கோபமாகப் பொங்கியது.

“கண்ணெதிரே உயிர் போகிறது, மரம் மாதிரி நிற்கிறாயே! எடுத்துக் கொடுத்தால் என்ன?”

“நீங்க சொல்லலையே, அய்யா.”

“இதற்குக்கூடவா சொல்ல வேண்டும்?”

பவுனு தலையைக் குனிந்துகொண்டாள். “நேத்து எங்ககூட வேலை பாத்த காத்தமுத்து அண்ணன் கேக்காமதான் ஒருத்தருக்குக் கஞ்சி குடுத்தாரு. எல்லார் முன்னாடியும் அவரை வெளியே போகச் சொன்னீங்க.”

“அதற்காக?”

“எம் பொண்ணை இந்த நோய்தான் கொண்டுபோச்சு, அய்யா. இங்கே என்னை யாரும் கூப்பிடல. நானா வந்தேன். என்னையும் துரத்திட்டா நான் எங்கே போவேன்?”

நாகலிங்கம் முகத்தைக் குருவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தாயே, நான் ஒற்றை ஆள். இன்னும் இரண்டு கண்காணிகளாவது வேண்டும்.”

“எதற்கு?”

“நான் இல்லாத இடத்தில்தானே இப்படி ஆகிவிடுகிறது!”

குரு சிறுமியைப் பவுனுவின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார். பவுனு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கிண்ணத்தை எடுத்தாள். சொட்டுச் சொட்டாகப் புகட்டத் தொடங்கினாள். குரு நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் இங்கே இல்லையென்று யார் சொன்னது, நாகலிங்கம்? அந்தக் குழந்தைக்கும் இவளுக்கும் நடுவில் நீங்கள்தானே நின்றீர்கள்.”