மொங்கான் கரடியின் ஏழாம் பாகம்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்!

ஆனைமடுக் காட்டில் மொங்கான் என்றொரு கரடி நாடகக் கம்பெனி வைத்திருந்தது. முதலாளியும் அதுதான், கதாநாயகனும் அதுதான். நாடகத்தின் பெயர் 'மடுவில் முதலை'. உடும்பு உடம்பெல்லாம் பனம்பட்டையைக் கட்டிக்கொண்டு முதலையாக வந்து கரடியின் காலைக் கவ்வும். கரடி அலறும். அப்புறம் ஒரே உதை, முதலை காலி!

முதல்முறை பார்த்த முயல்கள் மூன்று நாள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

விடுமா கரடி? அடுத்த பாகத்தில் முதலையின் தம்பி வந்தான். அதற்கடுத்து மாமியார். ஆறாம் பாகத்தில் செத்த முதலையே பிழைத்து வந்தது!

ஒருநாள் கீரி வந்து நின்றது. "அண்ணே, புதுசா ஒரு கதை வெச்சிருக்கேன்."

"புதுசா! ஓடலேன்னா கம்பெனியை உன் பொந்துக்குள்ள வைக்கிறதா? முதல் பாகத்தையே திரும்பப் போடப்போறோம். மயில்தோகையில செட்! போப்பா, போ!"

அப்படித்தான் ஏழாம் பாகம் வந்தது. மடுவைச் சுற்றி எள் விழ இடமில்லை. குரங்குகள் இலையைக் கிழித்து வாரி இறைத்தன. எல்லோருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம். கரடி வாயைத் திறக்குமுன் கூட்டம் சொல்லி முடித்துவிடும்!

கரடி தண்ணீரில் இறங்கித் தொடையைத் தட்டியது. "வாடா முதலை!"

தண்ணீர் பிளந்தது. காலில் நறுக்கென்று ஒரு கவ்வல்.

'என்ன இவன், இவ்வளவு அழுத்திக் கடிக்கிறான்!' என்று கரடி எரிச்சலோடு கரையைப் பார்த்தது. அங்கே உடும்பு பாதிப் பனம்பட்டையோடு வாயைப் பிளந்து நின்றது.

அப்படியானால் காலைப் பிடித்திருப்பது யார்?

கரடிக்கு ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. "ஐயோ, காப்பாத்துங்க!"

"முதல் பாகம்!" என்று கூட்டம் கைதட்டியது.

"இது நிஜ முதலை!"

"மூணாம் பாகம், இடைவேளைக்கு முன்னாடி!"

"என் பிள்ளைகுட்டியை நினைச்சுப் பாருங்க!"

"அஞ்சாம் பாகம்! அண்ணே, அன்னைக்கு இதைவிட நல்லா அழுதீங்க!"

உடும்பு, "நான் இங்க இருக்கேன்! அது நான் இல்லை!" என்று கத்தியது. "ஓ, இந்தத் தடவை இரட்டை வேடம்!" என்று விசில் பறந்தது.

முதலைக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்படிக் கைதட்டி வழியனுப்பும் கூட்டத்தை அது கண்டதே இல்லை! ஆனாலும் பிடியை விடவில்லை. தண்ணீர் கரடியின் கழுத்துவரை ஏறிவிட்டது.

கரடி புதிதாக ஒரு வார்த்தை தேடியது. நாக்கில் வந்ததெல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு பாகத்தில் சொன்னது! ஒரு அலறல்கூட மிச்சமில்லை. தண்ணீர் தாடையைத் தொட்டபோது, அடிவயிற்றிலிருந்து அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று பீறிட்டது.

"இந்த நாடகம் ரெண்டாம் பாகத்துலயே எனக்கு அலுத்துப்போச்சுடா! வேற கதை தெரியாமத்தான் உங்களை ஏமாத்திட்டிருந்தேன்!"

மடு அப்படியே உறைந்தது. கையிலிருந்த இலைகள் நழுவின.

"இது... எந்தப் பாகத்துலயும் இல்லையே!" என்றது ஒரு கிழட்டுக் குரங்கு.

"அடப்பாவி! அப்போ நிஜம்டா!"

யானை பாய்ந்து தும்பிக்கையால் இழுத்தது. காட்டுப்பன்றிகள் முதலையை முட்டித் தள்ளின. கரடி கரையேறியது. ஆனால் இடது பாதத்தில் இரண்டு விரலைக் காணோம்!

ஒரே கதையைத் திருப்பித் திருப்பி விற்பவனின் உண்மையான அலறலையும் ஊர் பழைய வசனமாகத்தான் கேட்கும்.

கரடி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, கோபக்காரக் கரடி. அதனால் யார் சொன்னதென்று கேட்டால், தயவுசெய்து என்னை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்!