அடையாளம் தெரியாத எண்பது பேர்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. அதனால் என்ன குறைந்துவிட்டது? மீன் விற்கும் அமலோற்பவம் அவளை “டீச்சர்” என்பாள், ஓவியம் சொல்லித்தரும் ஜெசிந்தா இவளை “அக்கா” என்பாள். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அமலோற்பவம் ஓவிய வகுப்புக்குள் வந்ததும் கதவைத் தாழ்போட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“படத்த எரிச்சிருவோம் டீச்சர்.”

சின்னப் படமா அது? சுவரை அடைத்துத் தொங்கிய துணி. இறால் பண்ணைக் கழிவு இறங்கி ஊர்க் கிணறெல்லாம் கெட்டபோது மறியலில் உட்கார்ந்த பெண்கள், இருபத்து மூன்று பேர். ஒவ்வொருத்தியையும் நாற்காலியில் உட்காரவைத்து அமலோற்பவம் வரைந்தாள். அவர்களும் திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, மூக்கைச் சின்னதாகப் போடு, சங்கிலியை விட்டுவிடாதே என்று இவள் உயிரை எடுத்தார்கள். இவளும் அச்சு அசலாக வரைந்து தொலைத்தாள். மறுநாள் மாதா கோவில் மண்டபத்தில் கண்காட்சி.

“என்னக்கா நடந்துச்சு?”

“நேத்து நீங்க இல்லாதப்ப ஏட்டு வந்தாரு. படத்தப் பாத்துச் சிரிச்சாரு. கேசுல அடையாளம் தெரியாத எண்பது பேருன்னு போட்டிருக்காம். கால்வாசிப் பேரு இங்கயே நிக்கிறாளுவளே, கண்காட்சிக்கு வந்து போன்ல எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போறாரு.”

சொல்லிக்கொண்டே வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மறியலில் லத்தி பட்டு முறிந்த கை அது. பாறையில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லித் தப்பித்திருந்தாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வரைவதெல்லாம் இடது கையில்தான்.

“பிலோமிக்குக் கைப்பிள்ள இருக்கு டீச்சர். அவளப் புடிச்சிட்டுப் போனா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?”

டீச்சர் தண்ணீர்த் தம்ளரை எடுத்தாள். தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது. அவளுக்கும் பயம்தான் என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, கொஞ்சம் தரையில படுங்க.”

“என்னது?”

“படுங்க.”

படுத்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மறியல்ல அடி விழுந்த அன்னைக்கும் இப்படித்தான கெடந்தீங்க?”

“ஆமா.”

“இப்ப என்ன தெரியுது?”

“உங்க காலு.”

“அன்னைக்கு?”

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது.

“என்னச் சுத்தி நின்னுக்கிட்டாளுவ, எம்மேல அடி விழக் கூடாதுன்னு. பிலோமியோட குதிகால் வெடிப்பு தெரிஞ்சுது. செவத்தியக்கா கணுக்கால்ல மீன் செதில் ஒட்டியிருந்துச்சு. ஒருத்திக்கு ஒத்தக் கால்ல செருப்பு இல்ல. இடுக்கு வழியா பூட்ஸு தெரிஞ்சுது. கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு.”

“படத்துல பூட்ஸ் இல்லையே.”

“பயம் டீச்சர்.”

“ஒரு மூஞ்சியாவது தெரிஞ்சுதா?”

“இல்ல.”

டீச்சர் துணியைக் கழற்றித் தரையில் விரித்தாள். வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். இருவருமாக அடித்தார்கள். இருபத்து மூன்று முகமும் போய்விட்டது. அமலோற்பவம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள்.

காய்ந்ததும் கால்களை வரைந்தாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் கை நின்றது, சத்தம் தேய்ந்த பிறகுதான் நகர்ந்தது. வெடிப்பு, செதில், செருப்பில்லாத கால், இடுக்கில் பூட்ஸ். வெயில் இறங்கும் நேரத்தில் முடித்தாள்.

“இனிமே யாரையும் கண்டுபிடிக்க முடியாதுல்லா டீச்சர்?”

“முடியாது.”

அமலோற்பவம் பெருமூச்சு விட்டுக்கொண்டு எட்ட நின்று பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கால்களுக்கு நடுவே, தரையோடு தரையாக, முழங்கைக்குக் கீழே கோணிக் கிடந்த ஒரு கை. எப்போது வரைந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒருத்திய முடியும் டீச்சர். ஊருல கோணக் கை எனக்கு மட்டுந்தான். எண்பது பேருல ஒருத்தி நாந்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். இதையும் அழிச்சிரட்டுமா?”

டீச்சர் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்து அவளிடம் நீட்டினாள்.

“அழிச்சிரலாம். அப்புறம் இத்தனை காலும் யாரைச் சுத்திக்கா நிக்குது?”