கயிறு அறுந்த அன்று

அந்தக் காலத்தில் செல்லுக்குள் இருந்ததெல்லாம் பேசும். மனித உடம்பின் ஒரு செல்லில், உட்கருவுக்குள், ரைபோசோம் கட்டும் களம் ஒன்று இருந்தது. ரைபோசோம் என்றால் செல்லின் சமையற்கூடம்; உடம்புக்கு வேண்டிய புரதமெல்லாம் அங்கேதான் தயாராகும். ஆர்.என்.ஏ. என்னும் கயிற்றை வளைத்துப் பிடித்து அந்தக் கூடத்தை நிற்கவைப்பது ரைபோசோம் புரதங்களின் வேலை. ஆளுக்கோர் எண், எண்ணுக்கோர் இடம். இடம் கிடைக்காமல் நிற்பவர்களைக் குப்பைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஈவு இரக்கமே கிடையாது.

அங்கே காவலன் ஒருவன் உண்டு. அவன் "நில்!" என்று கத்தினால் செல் இரண்டாகப் பிரியாது. ஆனால் சும்மா சும்மா கத்தித் தொலைப்பானே என்று, அடக்கி என்பவள் எந்நேரமும் அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கயிறு அறுந்தது. கட்டிக்கொண்டிருந்த கூடங்கள் அரைகுறையாகச் சரிந்தன. செல்லோ எதையும் கவனிக்காமல் பிரிவதற்கு மும்முரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பிரிந்தால் பிறக்கும் இரண்டுமே உருப்படாது.

வேலையற்று நின்றவர்களில் ஐந்தாம் புரதமும் பதினோராம் புரதமும் இருந்தார்கள்.

"அண்ணே, குப்பைக்காரன் வர்றான். ஓடிரலாமா?" என்றான் பதினொன்று.

"எங்கடா ஓடுவே? செல்லே போயிட்டா நமக்கு ஏது இடம்? அடக்கி கையை எடுத்துட்டாப் போதும், மிச்சத்தைக் காவலன் பாத்துக்குவான்."

"அவ சும்மா விடுவாளா?"

"எப்படியும் குப்பைதானே? வாடா!"

ஆளுக்கொரு கையாகப் பாய்ந்து பிடித்தார்கள். அடக்கி உதறினாள். "வேலவெட்டி இல்லாத பயலுகளா, விடுங்கடா!"

"வேலை இல்லாததாலதான் வந்தோம்!" என்றான் பதினொன்று.

அவள் எவ்வளவு திமிறியும் இருவரும் பிடியை விடவில்லை. காவலன் மூச்சை இழுத்துப் போட்டான் ஒரு சத்தம்: "நில்!"

செல் நின்றது! புதுக் கயிறு வரும்வரை அப்படியே நின்றது. வந்ததும், களமே ஆர்ப்பரிக்க, இருவரும் தங்கள் இடத்தில் போய் நின்று கயிற்றைப் பிடித்தார்கள். கூடம் எழுந்தது. அடக்கி மறுபடியும் காவலன் வாயைப் பொத்தினாள், இம்முறை கொஞ்சம் மரியாதையாக.

அன்று முதல்தான், அந்த இருவரும் சும்மா நின்றாலும் குப்பைக்காரன் அவ்வளவு எளிதில் கைவைப்பதில்லை. ரைபோசோம் கட்டுவது எங்கே தடைபட்டாலும், ஐந்தும் பதினொன்றும் நேரே போய்ப் பிடிப்பது அடக்கியின் கைகளைத்தான்.