கஞ்சிக்கு உப்புப் பார்த்தவர்

பள்ளிவாசல் தலைவரான முதல் ரமலானிலேயே ஜலாலுதீன் ஹாஜியார் நோன்புக் கஞ்சிக் கொட்டகைக்குச் சட்டம் போட்டார். நோன்பாளிகள் யாரும் கஞ்சியை நாக்கில் வைக்கக் கூடாது, வெளியாளும் உள்ளே வரக் கூடாது. அதுவரை உப்புப் பார்த்துவந்த சைக்கிள் கடைச் செல்லையா அன்றோடு நின்றுபோனார். ஹாஜியாரின் அதட்டல் தாங்காமல், வெங்காயம் உரிக்க வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

கஞ்சி ஒரு நாள் கரித்தது, மறுநாள் சப்பென்றிருந்தது.

"இனியும் உப்பு சரியில்லேன்னா கரண்டியை வச்சிட்டுப் போயிரு, மைதீன்" என்றார் ஹாஜியார், மூன்றாம் நாள் மதியம், எல்லோர் முன்பும்.

பதினாறு வருடமாகக் கஞ்சி காய்ச்சும் மைதீன் பிச்சை தலையாட்டினார். திட்டி முடித்த ஹாஜியார் விறகு அடுக்குக்குப் பின்னால் போய், நோன்பு நேரத்திலேயே மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்ததை அவர் மட்டும் பார்த்தார்.

மறுநாளும் ஹாஜியார் அங்கே ஒதுங்கியதும், மைதீன் கோப்பையில் கஞ்சியோடு பின்னால் போனார்.

"உங்க சட்டப்படி உப்புப் பார்க்க ஊரிலேயே ஒரு ஆள்தான் மிச்சம், ஹாஜியார்."

ஹாஜியார் அக்கம்பக்கம் பார்த்தார். "யார்கிட்டே சொன்னே?"

"கஞ்சிகிட்டேகூடச் சொல்லலே. உடம்புக்கு முடியாதவங்களுக்கு அல்லாவே சலுகை தந்திருக்கான். கஞ்சிக்குத்தான் தரலே. குடிச்சுப் பாருங்க."

ஹாஜியார் குடித்தார். "இன்னும் ஒரு கை போடணும்" என்றார் மெதுவாக.

அன்று அண்டா சீக்கிரமே காலியானது. ஹாஜியார் சைக்கிள் கடைக்கு நடந்துபோனார். "நாளையிலேருந்து பழையபடி உப்புப் பார்க்க வந்திருங்க, அண்ணே."

திரும்பி வந்தவர் கொட்டகை வாசலிலேயே தயங்கி நின்றார்.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும், மைதீன்?"

"பத்து மணிக்கு வந்திருங்க, ஹாஜியார். வெங்காயம் உரிக்க ஆள் இல்லே."