பரவாயில்லன்னு சொன்ன கீரி

காட்டுக் குளத்துக்கரை மேட்டுல ஒரு கீரிக் குடும்பம் இருந்துச்சு. அம்மா மரகதம், மூத்தவ வஞ்சி, சின்னவன் உப்பிலி. பக்கத்துப் புதர்ல செவலைன்னு ஒரு நாய். அவளுக்கு ஒரே ஒரு குட்டி. பேரு செல்லத்துரை.

அந்தச் செல்லத்துரை இருக்கானே, ஒரு இடத்துல நிக்க மாட்டான். ஓடுவான், உருளுவான், மண்ணைப் பறிப்பான், வாலைக் கடிப்பான். தன் வாலையே கடிச்சா யாருக்கு என்ன? உப்பிலியோட வாலைக் கடிப்பான்!

"ஆ!"ன்னு உப்பிலி கத்துவான்.

செவலை புதர்ல இருந்து தலையை நீட்டுவா. "என்ன மரகதம், பட்டுடுச்சா? சும்மா விளையாடுறான்!"

"பரவாயில்லக்கா!"ன்னு மரகதம் சிரிப்பா.

அதோட விடமாட்டா. "இந்தா கண்ணு, இதைத் தின்னுட்டு வீட்டுக்குப் போ"ன்னு ஒரு தவளைக்காலை எடுத்து நாய்க்குட்டி வாயில வெப்பா. அவன் வாலை ஆட்டிக்கிட்டே போவான். சாப்பிட்டு முடிச்சதும் திரும்பி வருவான். வராம? தவளைக்கால் குடுத்தா நான்கூட வருவேன்!

வஞ்சிக்கு வயிறு எரியும். "கடி வாங்குனது உப்பிலி, தவளைக்கால் அவனுக்கா? என்னம்மா நியாயம் இது?"

"அடியே, மெதுவாப் பேசு. பக்கத்து வீடு. நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா? காட்டுப்பூனை வந்தா யாருடி குரைக்கிறா? செவலைதான!"

"குரைக்கிறாங்க, சரி. அதுக்கு வாடகையா உப்பிலி காதைக் குடுக்கணுமா?"

"வாயை மூடு!"

வாயை மூடினா ஆச்சா? மேகம் கருத்துக்கிட்டே வருது. மழை பெஞ்சா குளம் நிறையும். பள்ளத்துல இருக்கிற பாம்பெல்லாம் மேட்டுக்கு ஏறும். அதுக்குள்ள உப்பிலி குதிச்சு விலகப் பழகியாகணும். கீரியாப் பொறந்துட்டு குதிக்கத் தெரியலன்னா பாம்பு வாய்க்குப் போக வேண்டியதுதான். ஆனா உப்பிலி வளையை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறான். வாசல்ல நாய்க்குட்டி நிழல் விழுந்தாலே சுருண்டு மூலைக்குப் போயிடுறான்.

வஞ்சியால பொறுக்க முடியல. வாசல்ல அங்கயும் இங்கயும் நடந்தா. நாய்க்குட்டி குதிச்சு வந்தான்.

"வஞ்சிக்கா! உப்பிலி எங்க?"

வஞ்சி பாஞ்சு அவன் காதை ஒரே கடி!

"ஐ! நீயும் விளையாட வந்துட்டியா!"ன்னு செல்லத்துரை துள்ளினான். அவளை மண்ணுல உருட்டினான். முதுகு மேல ஏறி உக்காந்தான். வஞ்சி எப்படியோ நழுவி ஓடினா. அவன் தொரத்தினான். அவ வேகமா ஓட ஓட அவனுக்குக் குஷி தாங்கல. மூச்சு வாங்க அவ வளைக்குள்ள விழுந்தப்ப, அவன் வெளிய நின்னு, "நாளைக்கும் தொரத்தி விளையாடலாம்க்கா!"ன்னு கத்திட்டுப் போனான்.

கடிச்சும் பயனில்ல, ஓடியும் பயனில்ல.

அடுத்த நாள் மரகதமே உப்பிலியைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தா. "குதிடா, மழை வரப்போகுது!"

உப்பிலி ஒரு குதி குதிச்சான். ரெண்டாவது குதிக்குள்ள செல்லத்துரை வந்துட்டான்! உப்பிலி பிடரியைக் கவ்வினான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உதறினான். தூக்கிப் போட்டான். உப்பிலி கல்லு மேல விழுந்தான். பின்னங்கால் மடங்கிருச்சு. எழுந்திரிச்சா நிக்க முடியல.

செவலை தலையை நீட்டினா. "என்ன மரகதம், பட்டுடுச்சா?"

மரகதம் கண்ணு கலங்கிருச்சு. ஆனா வாய் பழக்கதோஷத்துல சொல்லிருச்சு. "பரவா... பரவாயில்லக்கா!"

வஞ்சிக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. நாய்க்குட்டி முன்னாடி போய் நின்னா.

"டேய்! எதுக்குடா இவனை இந்தக் கடி கடிக்கிற?"

செல்லத்துரை தலையைச் சாய்ச்சான். "நல்லாருக்குன்னு உங்கம்மாதானே சொல்றாங்க?"

"எங்கம்மாவா? எப்போடா சொன்னாங்க?"

"நான் கடிச்ச உடனே 'பரவாயில்ல'ங்கிறாங்க. சிரிக்கிறாங்க. தவளைக்கால் தர்றாங்க. உப்பிலி கத்துறான், அவனுக்கு ஒண்ணும் தர்றதில்ல. அப்போ யாரு பண்றது சரி? நான் பண்றதுதானே?"

வஞ்சி அம்மா பக்கம் திரும்பினா.

மரகதம் தரையைப் பார்த்தா.

செவலை இப்ப புதரை விட்டு வெளிய வந்துட்டா. "என்னடி வஞ்சி, என் புள்ளையை மிரட்டுற? சின்னப் பையன்!"

"அத்தை, உப்பிலியும் சின்னப் பையன்தான். அவன் காலைப் பாருங்க."

செவலை பார்த்தா. மூஞ்சி மாறிருச்சு. "மரகதம், இது வலிக்குதாடி அவனுக்கு?"

மரகதம் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "ப..."ன்னு ஆரம்பிச்சா. நிறுத்தினா. "வலிக்குதுக்கா. இன்னைக்கு மட்டும் இல்ல. உங்க புள்ள கடிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்தே வலிக்குது."

"அப்புறம் ஏண்டி பரவாயில்லன்ன? நீ சொன்னதை நான் நம்பினேனே!"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு..."

"இப்ப மட்டும் எனக்குச் சந்தோஷமா இருக்கா?"ன்னு செவலை உறுமினா.

வஞ்சி விடுவாளா? "நம்பினது சரி அத்தை. அம்மா வாய் பரவாயில்லன்னுச்சு. உப்பிலி 'ஆ'ன்னு கத்துனது உங்க காதுல விழலியா? அந்தக் காதை வெச்சுத்தானே காட்டுப்பூனையைக் கண்டுபிடிக்கிறீங்க!"

செவலைக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. குட்டியைப் பிடரியில கவ்விக்கிட்டுப் போயிட்டா.

மரகதம் பதறிட்டா. "போச்சு! உறவே அறுந்துச்சு!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்மா. முதல்ல அவன் கால்!"ன்னா வஞ்சி.

உப்பிலி கால் மெல்ல மெல்லத் தேறுச்சு. மேகம் இன்னும் கீழ இறங்கிருச்சு. காத்து ஒரு நிலையா இல்ல. மரகதம் வாசலுக்கும் மூலைக்குமா அலைஞ்சா.

ஒரு காலையில செல்லத்துரை வாசல்ல வந்து நின்னான். பின்னாடியே செவலை.

"வஞ்சி, இவன் என் வாலைக் கடிச்சே தின்னுடுவான் போலிருக்கு. என்ன பண்ணணும் சொல்லு"ன்னா செவலை. குரல்ல கோவம் இன்னும் மிச்சம் இருந்துச்சு.

"விளையாடட்டும் அத்தை. கடிச்சா உப்பிலி 'வலிக்குது'ம்பான். சொன்னதும் நாங்க எல்லாரும் உள்ள போயிடுவோம். ஆட்டம் முடிஞ்சுது. தவளைக்கால் கிடையாது, சிரிப்பு கிடையாது. நீங்களும் சும்மா விளையாடுறான்னு சொல்லக்கூடாது."

"சரிடி, வாயாடி!"

ஆட்டம் ஆரம்பிச்ச உடனே செல்லத்துரை காதைக் கவ்வினான். உப்பிலி அம்மாவைப் பார்த்தான். அம்மா ஒண்ணும் சொல்லல.

"வலிக்குது!"ன்னு உப்பிலி கத்தினான். சின்னக் குரல்தான், ஆனா கத்தினான்!

எல்லாரும் வளைக்குள்ள போயிட்டாங்க. நாய்க்குட்டி தனியா நின்னான். சுத்திச் சுத்தி வந்தான். வாசலைப் பறிச்சான். ஊளையிட்டான். "வாங்களேன்! வாங்களேன்!"

மரகதத்துக்கு மனசு கேக்கல. "பாவம்டி, ஒரே ஒரு தவளைக்கால்..."

"அம்மா!"

மரகதம் உக்காந்துட்டா. வெளிய செவலையும் வாயைத் தொறக்கல. அவளுக்கும் அது லேசா இல்ல, ரோமமெல்லாம் சிலிர்த்து நின்னுச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரும் வந்தாங்க. திரும்பக் கடிச்சான். திரும்ப உள்ள போனாங்க. வந்தாங்க, கடிச்சான், போனாங்க. அன்னைக்குப் பொழுது முழுக்க இதே பாடுதான்!

கடைசியில செல்லத்துரை வயித்தாலயே தவழ்ந்து வந்தான். உப்பிலி காதை மெதுவா வாயில வெச்சான்.

"இது வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்சம் அழுத்தினான். "இது?"

"கூசுது."

இன்னும் கொஞ்சம். "இது?"

"வலிக்குது!"

வாயை உடனே எடுத்தான்! "ஓ, இதுதான் வலியா? முன்னாடியே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

முதல் மழைத்துளி மண்ணுல விழுந்துச்சு. செல்லத்துரை முன்னங்காலை நீட்டி வீசினான். உப்பிலி ஒரு பக்கமாத் துள்ளி விலகினான். கால் லேசா நொண்டுச்சு. இருந்தாலும் விலகினான்! அவன் திரும்ப வீசினான், இவன் திரும்ப விலகினான். பாம்பு வர்றதுக்குள்ள பழகணுமே, ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே ஆடினாங்க.

பல்லு இருக்கிறவனுக்கு அடுத்தவன் வலி தானாத் தெரியாது. அதனால வலிச்சா அன்னைக்கே, அவன் மூஞ்சிக்கு நேரா, 'வலிக்குது'ன்னு சொல்லிடுங்க!