கடைசி இலை

நெடுங்கரை நாட்டை உண்டாக்கியவர் மாறவேள். அவருடைய கொள்ளுப்பேரன் அதிமாறன் பட்டத்துக்கு வந்ததும், நாடு பிறந்த நாள் விருந்துக்கு ஒரு கட்டளை போட்டார். மாறவேள் உட்கார்ந்து சாப்பிட்ட அதே இடத்தில் தனக்கு இலை போட வேண்டும். இடம் தப்பினால் சமையல்கட்டு ஆட்கள் ஒருவரும் ஊரில் இருக்க முடியாது.

மந்திரிகளுக்கே அந்த இடம் தெரியவில்லை. பந்தியில் இலை போடும் காத்தாயி, "எனக்குத் தெரியும்" என்றாள்.

விருந்தன்று ராஜாவை வாசலோரம், கடைசி இலையில் உட்கார வைத்தாள். முதல் பந்தி எழுந்தது, இரண்டாம் பந்தியும் எழுந்தது. ராஜாவின் இலையில் உப்புகூட விழவில்லை. நான்காம் பந்தியில் அவர் கொதித்துப்போனார்.

"எனக்கு எப்போது பரிமாறுவாய்?"

"வெளியில நிக்கிற சனம் சாப்பிட்டு முடிச்சதும், மகாராஜா. உங்க கொள்ளுத்தாத்தா அப்படித்தான் சாப்பிட்டார். வருஷா வருஷம் அவர் பேருக்கு இந்த இலையைப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். அரண்மனை ஆளுங்க முதல் பந்தியோட எழுந்து போயிடுறதால பார்த்ததில்லை."

ராஜா எட்டிப் பார்த்தார். வரிசை குளக்கரை வரைக்கும் நீண்டிருந்தது.

"இவ்வளவு நேரமும் அவர் சும்மாவா உட்கார்ந்திருந்தார்?"

"சும்மா உட்கார்ந்தார்னு நான் சொல்லலையே" என்றபடி காத்தாயி குழம்பு வாளியை அவர் முன்னால் வைத்தாள்.

அதிமாறன் பரிமாறி முடித்துச் சாப்பிட உட்காரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சோறும் ரசமும்தான் மிச்சம். இன்றைக்கும் நெடுங்கரைக்காரர்களிடம் உங்கள் ராஜா யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள். "எங்களுக்கு அப்புறம் சாப்பிடுகிறவர்" என்பார்கள், தலையை நிமிர்த்திக்கொண்டு.